சிஓஇ முடிய இரண்டு வருஷம்தான்: காருக்குள் ஒலி வேலை, உள்வேலை நாமே செய்யலாமா?

#1 ஈசூன்வாசி

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது பேரலல் இம்போர்ட்டில், அதாவது அதிகாரபூர்வ முகவர் இல்லாம ஜப்பான்லிருந்து நேரா வந்த ஹைப்ரிட் ஹோண்டா வெசல். சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சுக்கிறதுக்கான பத்து வருஷ உரிமம்) முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கு. அதுக்கு மேல புதுப்பிக்கிறதா, விடுறதான்னு இன்னும் முடிவு பண்ணலை.

இப்போதைய பிரச்சினைகள் இவை. ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே முன்கதவுப் பலகை கிடுகிடுன்னு அதிருது. தவில், மிருதங்கம் எதுவும் உருப்படியா கேக்கலை, நாதஸ்வரம் வந்தா காதைக் குத்துது. கூரைத் துணி பின்பக்கம் தொங்க ஆரம்பிச்சிடுச்சு. ஒலி 96.8 வானொலி கரகரன்னு வருது, மத்த காருல அப்படி இல்லை.

கடையில விசாரிச்சேன். புது ஸ்பீக்கர், ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்குற கருவி), சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), பின்னாடி ஒரு பெட்டின்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போச்சு. என்னால ஒதுக்க முடிஞ்சது 700 வெள்ளி. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், கதவுப் பலகையைக் கழட்டினதில்லை. இந்தக் காசுல எதை முதல்ல செய்யணும்? இரண்டு வருஷத்துக்காக இதெல்லாம் செய்யறது தகுமா?

#2 வாடகைவண்டி

தம்பி, நேராவே சொல்றேன். வண்டியை விடும்போது ஒலி வேலைக்கு யாரும் ஒரு காசு கூடத் தரமாட்டாங்க. பத்து வருஷத்துக்குள்ள பதிவை ரத்து பண்ணினா அரசு திருப்பித் தர்ற பார்ஃப் தொகை, பதிவுக்குக் கட்டின கூடுதல் கட்டணமான ஏஆர்எஃப்-ஐ வச்சுக் கணக்குப் பண்றது. உள்ள ஆயிரம் வெள்ளி ஸ்பீக்கர் இருந்தாலும் சரி, வெறும் ஓட்டையா இருந்தாலும் சரி, தொகை மாறாது. புதுப்பிச்சாலும் பத்து வயசுக்கு மேல சாலை வரிக்குக் கூடுதல் கட்டணம், வருஷா வருஷம் பரிசோதனை. அந்தக் காசை எடுத்து வைங்க.

நான் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் வண்டியிலதான் இருக்கேன். அமைதியா இருந்தா போதும்னு தோணும். சத்தமா பாட்டுக் கேக்கணும்னு தோணாது.

#3 கம்பிவேலை

வாடகைவண்டி அண்ணன் சொல்ற கணக்கு சரி. அதனாலதான் நான் வேற மாதிரி யோசிக்கச் சொல்றேன். காரோட போறது எது, நம்மளோட அடுத்த காருக்கு வர்றது எதுன்னு முதல்ல பிரிச்சுக்கணும்.

ஸ்பீக்கர், ஆம்ப், டிஎஸ்பி (ஒலியைச் சீரமைக்கிற மின்னணுக் கருவி), மின்கம்பி, ஃபியூஸ் எல்லாம் அடுத்த காருக்கு வரும். கதவுக்குள்ள ஒட்டுற பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்குற ரப்பர் தாள்), கூரைத் துணி இரண்டும் வராது. வராதது இரண்டும் மலிவானவை, நாமே செய்யக்கூடியவை. அப்போ இரண்டு வருஷத்துல நஷ்டமாகுறது ஒட்டின ஷீட்டும் துணியும்தான். பாக்கி எல்லாம் உங்க சொத்து.

அதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கம்பெனி வயரை ஒரு இடத்துலயும் வெட்டாதீங்க. உங்க காருக்கு ஏத்த அடாப்டர் ஹார்னஸ் வாங்குங்க, ஒரு பக்கம் காரோட சாக்கெட், மறுபக்கம் டாஷ்போர்டுல மாட்டுற புது ரேடியோ யூனிட்டோட வயர். நிறங்கள் பெரும்பாலும் பொதுவானவை. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா வர்றது, கருப்பு எர்த், நீலத்தில வெள்ளைக் கோடு ஆம்பை எழுப்புற வயர். வெள்ளை முன்இடது, சாம்பல் முன்வலது, பச்சை பின்இடது, ஊதா பின்வலது. கருப்புக் கோடு போட்டது நெகடிவ். இது சந்தையில வாங்குற யூனிட்டுக்கான நிறங்கள். காருக்குள்ள கம்பெனி போட்ட வயர் நிறம் வேறயா இருக்கும், அதை நம்பி எதையும் இணைக்காதீங்க, மீட்டர் வச்சுப் பாருங்க.

கழட்டின பழைய ஸ்பீக்கர், கிளிப், திருகு எல்லாத்தையும் பெயர் எழுதின பையில போட்டு வீட்டு பாம் ஷெல்டர் அறையில வச்சிடுங்க. வண்டியை விடுற அன்னைக்கு ஒரு மதியத்துல பழையபடி மாட்டிடலாம்.

ஹைப்ரிட்ங்கிறதால இன்னொண்ணு. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்க தென்பட்டாலும் கை வைக்கக் கூடாது. அது 12 வோல்ட் இல்லை, உயிரை எடுக்கிற அளவு மின்னழுத்தம். பின்சீட் பக்கத்துல, டிக்கிப் பக்கத்துல ஹைப்ரிட் பேட்டரிக்குக் காத்து போற துவாரம் எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கோங்க. சீட் கவரோ பெட்டியோ அதை மூடிடக் கூடாது.

#4 ஒலிப்பித்தன்

ஈசூன்வாசி, 700 வெள்ளியில முதல் செலவு கதவு. ஸ்பீக்கர் இல்லை. இதை நான் எத்தனை பேர்கிட்ட வேணும்னாலும் வாதாடுவேன்.

ஸ்பீக்கர் கோன் முன்னாடி தள்ளும்போது பின்பக்கம் காத்து இழுபடுது. முன் அலையும் பின் அலையும் சந்திச்சா தாழ்ந்த ஒலி ஒண்ணையொண்ணு அழிச்சிடும். நம்ம கதவோட உள்தகரத்துல மெக்கானிக் கை நுழையற அளவு பெரிய ஓட்டைகள், மேல ஒரு பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான். பின் அலை அந்த ஓட்டை வழியா வந்து முன் அலையைக் கொன்னுடுது. தவில் காணாமப் போறதுக்குக் காரணம் இதுதான். இந்த நிலையில எவ்வளவு விலை கூடின ஸ்பீக்கரைப் போட்டாலும் இதே கதிதான்.

செய்முறை சொல்றேன். முதல்ல பேட்டரியைக் கழட்டிட்டுச் சில நிமிஷம் விடுங்க. பலகையை எடுத்ததும் பிளாஸ்டிக் தாளை ஓரத்துல இருக்கிற கருப்புப் பசையோட மெதுவா உரிங்க. உள்ள கையை விட்டு வெளித்தகரத்தைத் தட்டிப் பாருங்க, கண்ணாடிக்குக் கீழ நடுப்பகுதியில தட்டினா ரொம்ப நேரம் அதிரும். ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல அந்த இடத்தைத் துடைச்சு, பியூட்டைல் ஷீட்டைத் துண்டு துண்டா ஒட்டி, சின்ன உருளையால அலுமினியத்துல இருக்கிற புடைப்பு மட்டமாகுற வரைக்கும் அழுத்துங்க. வெளித்தகரம் முழுக்க மூட வேண்டாம். கால் பங்கிலிருந்து மூணில் ஒரு பங்கு வரைக்கும் போதும். அதுக்கு மேல ஒட்டினா எடை கூடும், பலன் அவ்வளவு கூடாது.

அடுத்தது உள்தகரத்து ஓட்டைகள். சின்ன ஓட்டையை ஷீட்டாலேயே மூடலாம். பெரிய ஓட்டையில வெறும் ஷீட்டை ஒட்டினா வெயில்ல தொய்ஞ்சு உள்ள விழும். அலுமினியத் தகடோ பிளாஸ்டிக் தகடோ அளவா வெட்டித் திருகிட்டு, ஓரத்தை ஷீட்டால மூடுங்க. நாளைக்குக் கண்ணாடி மோட்டார் கெட்டா தகட்டைக் கழட்டி வேலை பார்க்கலாம். மூடுறதுக்கு முன்னாடி கண்ணாடியை முழுசா இறக்கி ஏத்திப் பாருங்க.

இரண்டை மட்டும் மூடவே கூடாது. கதவோட அடிவிளிம்புல இருக்கிற வடிகால் துளைகள். நம்ம ஊர் மழைக்கு அது அடைபட்டா கதவு தண்ணித் தொட்டி ஆயிடும், துரு வரும். இன்னொண்ணு, சில கார்கள்ல கதவுக்குள்ள பக்கவாட்டு மோதலை உணர்ற அழுத்த சென்சார் இருக்கும். அதோட வாயையும் சுத்தி இருக்கிற இடத்தையும் விட்டுடுங்க.

தார் அடிப்படையிலான மலிவு ஷீட் வேண்டாம். வெயில்ல நின்ன காருக்குள்ள அது இளகி வாடை அடிக்கும். பியூட்டைல்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் வாங்குங்க.

#5 ஈசூன்வாசி

ரொம்ப நன்றி ஒலிப்பித்தன் அண்ணே, கம்பிவேலை அண்ணே. கதவுல இருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்பீக்கரை உட்கார வைக்கிற வளையத்துக்கு என்ன போடறது? பிளைவுட் போதுமா? சாமான் எங்க வாங்கறது? வேலையை எங்க வச்சுப் பார்க்கிறது? என் புளோக் அடுக்குமாடி கார்பார்க்குல ஒரு மூலை எப்பவும் காலியா இருக்கு.

#6 ஜாலான்பெசார்

கார்பார்க் மூலை வேண்டாம் ப்ரோ. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்பார்க்குல ரிப்பேர் வேலை பார்க்கிறது விதிக்குப் புறம்பு. புகார் போனா பிரச்சினை உங்களுக்கு. வெளிச்சமும் போதாது, கதவை முழுசா திறக்கவும் இடம் இருக்காது. தரைவீட்டுல சொந்தக்காரங்க, நண்பர் யாராவது இருந்தா அவங்க முற்றம் கேளுங்க. இல்லேன்னா காக்கி புக்கிட், உபி, சின் மிங் பக்கம் தெரிஞ்ச பட்டறைக்காரர்கிட்ட ஞாயித்துக்கிழமை இடத்தை மட்டும் வாடகைக்குக் கேட்டுப் பாருங்க. பேசிப் பார்த்தா சிலர் கொடுப்பாங்க.

சாமானுக்கு சிம் லிம் டவர். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, ஜாலான் புசார்ல இருக்கிற டவர். கம்பி, ரிங் டெர்மினல், ஃபியூஸ் ஹோல்டர், வெப்பத்துல சுருங்குற டியூப், மல்டிமீட்டர், கிரிம்ப் பண்ற இடுக்கி எல்லாம் அங்கேயே முடிஞ்சிடும். கடைக்காரங்ககிட்ட எத்தனை ஆம்பியர்னு சொன்னா சரியான கம்பியை எடுத்துக் கொடுப்பாங்க.

இணையத்துல மலிவா விக்கிற ஆம்ப் கம்பி செட்டைப் பார்த்து வாங்குங்க. நிறைய செட்டுல இருக்கிறது அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. அதே தடிமன் சுத்தச் செம்பு கடத்துறதுல மூணில் இரண்டு பங்குகூட அது கடத்தாது. ஒரு இழையை எடுத்துக் கத்தியால சுரண்டிப் பாருங்க. மேல செம்பு நிறம், உள்ள வெள்ளின்னா அலுமினியம். மேல வெள்ளி, உள்ள செம்புன்னா அது ஈயம் பூசின நல்ல செம்பு, தாராளமா வாங்கலாம்.

வளையத்துக்குப் பிளைவுட், எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) இரண்டும் வேண்டாம். கதவுக்குள்ள மழைத்தண்ணி ஓடும், ஊறிப் போயிடும். வெள்ளை நிறத்துல கெட்டியான பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை ஒண்ணு வாங்கி வட்டமா அறுங்க. பாலிஎத்திலீன், தண்ணி ஒண்ணும் பண்ணாது. வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவுல பஞ்சு டேப், ஸ்பீக்கர் முகத்துக்கும் கதவுப் பலகைக்கும் நடுவுல இன்னொரு பஞ்சு வளையம். இரண்டாவதை நிறைய பேர் விட்டுடறாங்க. அது இல்லேன்னா பாதி சத்தம் பலகைக்குப் பின்னாடியே தங்கிடும், பலகையும் அதிரும்.

#7 வாடகைவண்டி

கதவுக்கு ஷீட் ஒட்டினா சாலைச் சத்தமும் குறையுமா? அதைச் சொல்லுங்க முதல்ல. எக்ஸ்பிரஸ்வேயில லாரிக்குப் பக்கத்துல போனா பயணி போன் பேசறதுகூட எனக்குக் கேக்காது.

#8 ஒலிப்பித்தன்

குறையும் அண்ணே, ஆனா எதிர்பார்ப்பை அளவோட வச்சுக்கோங்க. பியூட்டைல் தகரத்தோட அதிர்வை நிறுத்தும், காத்து வழியா வர்ற சத்தத்தைத் தடுக்காது. அதுக்கு எடையுள்ள வினைல் தாள் வேணும், அதையும் இடைவெளி விடாம மூடினாத்தான் பலன். டயர் சத்தம் பெரும்பாலும் தரையிலிருந்தும் சக்கர வளைவிலிருந்தும் வருது. சீட்டு, கார்ப்பெட் எல்லாம் எடுக்கணும், சீட்டுக்கு அடியில ஏர்பேக் வயர்கள் இருக்கு. முதல் வேலையா அதை எடுக்க வேண்டாம்.

உங்களுக்கு நல்ல பலன் தர்றது டயர். அடுத்த முறை மாத்தும்போது சத்தம் குறைஞ்ச டயரா கேட்டு வாங்குங்க. கதவு இடுக்கு ரப்பர் காஞ்சிருந்தா அதையும் மாத்துங்க.

வாடகைக்கு எடுத்து ஓட்டுறவங்களா இருந்தா நிறுவனத்தோட எழுத்து அனுமதி இல்லாம கழட்டவே கூடாது.

#9 தையல்மெஷின்

கூரைத் துணியைப் பத்தி யாரும் எழுதலையே. நான் சோஃபா, கார் சீட் தைக்கிறவள், இது என் தொழில்.

தம்பி, துணி கெடலை. துணிக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற மெல்லிய பஞ்சுதான் கெட்டது. வெயிலும் ஈரமும் சேர்ந்து அதைப் பொடியாக்கிடும். தொங்கற இடத்துல விரலை வச்சுத் தேச்சா மஞ்சளா மாவு உதிரும். அதனால ஊசியால பசை ஏத்துறது, குண்டூசி குத்துறது எல்லாம் வீண். ஒட்டுறதுக்கு அங்க உறுதியா ஒண்ணும் இல்லை. பலகையை இறக்கித்தான் ஆகணும்.

பேட்டரி கழட்டி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் தூண் மூடிகளைத் தொடுங்க. கூரை ஓரத்துல நீளமா திரை ஏர்பேக் சுருட்டி வச்சிருக்கும், மஞ்சள் கனெக்டர் இருந்தா அதை மீட்டர் வச்சுச் சோதிக்கவே கூடாது. வெயில் மறைப்பு, கைப்பிடி, விளக்கு எல்லாம் கழட்டினதும் பலகை இறங்கும். இரண்டு பேர் பிடிச்சுப் பின்கதவு வழியா எடுங்க. ஒரு ஆள் இழுத்தா நடுவுல மடிஞ்சு கோடு விழும், அந்தக் கோடு புதுத் துணியிலயும் தெரியும்.

துணியை உரிச்ச பிறகு நைலான் பிரஷ் வச்சுப் பழைய பஞ்சை மொத்தமா தேச்சு எடுங்க, முகமூடி போட்டுக்கோங்க. இந்த ஒரு வேலையில அவசரப்பட்டா மொத்தமும் போச்சு. ஒரு திட்டு மாவு இருந்தாலும் அந்த இடம் மறுபடி தொங்கும். உள்ளங்கையால தடவிப் பார்த்தா கையில ஒண்ணும் ஒட்டக் கூடாது, அதுவரைக்கும் தேய்ங்க.

புதுத் துணி பின்பக்கம் பஞ்சு வச்ச கூரைத் துணியாத்தான் இருக்கணும். அராப் ஸ்திரீட்டுல அழகான துணி கிடைக்குதுன்னு சாதாரணத் துணியை வாங்கி ஒட்டினா பசை ஊறி மேல கறை தெரியும், பலகையோட மேடு பள்ளமும் தெரியும். நாலு பக்கமும் அஞ்சு, ஆறு சென்டிமீட்டர் கூடுதலா விட்டு வெட்டுங்க.

பசை, வெப்பம் தாங்கும்னு டின்னுலயே எழுதின ஸ்ப்ரேயா இருக்கட்டும். காகித வேலைக்கு விக்கிற ஸ்ப்ரே நம்ம வெயிலுக்கு நிக்காது. துணியைப் பலகை மேல விரிச்சு, பாதியை மடிச்சு, பலகை, பஞ்சு இரண்டு முகத்துலயும் அடிங்க. விரல் வச்சா ஒட்டணும், ஆனா விரல்ல பசை வரக் கூடாது, அப்போதான் பதம். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால தடவிக்கிட்டே வாங்க. குழிவான இடத்துல துணியை இழுக்காதீங்க, உள்ள அமுக்குங்க. இழுத்து ஒட்டின இடம்தான் முதல்ல விடும். அப்புறம் மறுபாதி. ஜன்னல் எல்லாம் திறந்து காத்தோட்டமா செய்யுங்க, அந்த வாடை தலையைப் பிடிக்கும்.

சீட்டுக்குத் தோல் உறை போடணும்னு யாராவது நினைச்சா, சீட்டுப் பக்கத்துல ஏர்பேக் சின்னம் இருக்கான்னு பாருங்க. அந்தப் பக்கத் தையல் வேகமாப் பிரியுற மாதிரி பலவீனமான நூல்ல போடணும். சாதாரண நூல்ல கெட்டியாத் தைச்ச உறை ஏர்பேக்கை அடைச்சிடும். உறை விக்கிறவங்ககிட்ட இதைக் கேளுங்க, பதில் சொல்லத் தெரியலேன்னா வாங்காதீங்க.

#10 ஜாலான்பெசார்

அக்கா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்லை. இதை இந்த உரையாடலுக்கு மேல பின் பண்ணி வைக்கணும்.

ஒலி 96.8 விஷயம். ஜப்பான்ல எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. அந்த ஊர்ப் பழைய யூனிட் 90 வரைக்கும், புதுசு 95 வரைக்கும்தான் பிடிக்கும். நம்ம நிலையங்கள் 88-லிருந்து 108 வரைக்கும். 96.8 எதுலயும் அடங்கலை. அதனால ஆன்டெனா வயர் நடுவுல ஒரு சின்னப் பெட்டியை மாட்டி அலைவரிசையைக் கீழ இறக்குறாங்க. 12 மெகாஹெர்ட்ஸ் இறக்குற பெட்டின்னா ஒலி 96.8, திரையில 84.8-னு வரும். உங்க திரையில இப்படி வேற எண் காட்டுதுன்னா கரகரப்புக்கு அந்தப் பெட்டிதான் காரணம்னு எடுத்துக்கலாம்.

நல்ல வழி, இந்த ஊர் அலைவரிசை உள்ள யூனிட்டையே மாத்துறது. டபுள் டின்ங்கிற இரட்டை உயர யூனிட்டோட முகப்பு 178-க்கு 100 மில்லிமீட்டர், உங்க டாஷ் சட்டத்தை அளந்துக்கோங்க. பெட்டியைக் கழட்டி ஆன்டெனாவை நேரா மாட்டிடுங்க. ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்ய அதுக்குன்னு அடாப்டர் தனியா வேணும்.

#11 வாடகைவண்டி

சரி, ஒத்துக்கறேன், கதவு வேலையும் கூரையும் செலவு கம்மி. ஆனா சப்வூஃபர் வேண்டாம்னு ஒருத்தராவது சொல்லுங்க. ராத்திரி கார்பார்க்குல நுழையும்போது மூணாவது மாடி வரைக்கும் அதிருது சில வண்டி. குழந்தைங்க தூங்கற நேரம்.

#12 ஒலிப்பித்தன்

அண்ணே, அந்தக் கோபம் நியாயம். எனக்கும் உண்டு. ஆனா அது சப்வூஃபரோட குத்தம் இல்லை, அதை ஏத்தி வைக்கிற ஆளோடது. அளவா வச்ச சப், கதவு ஸ்பீக்கரோட சுமையைக் குறைக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை சப்புக்கும் மேல இருக்கிறதைக் கதவுக்கும் பிரிச்சுக் கொடுத்தா, அதே ஒலி அளவுல குரல் எவ்வளவு தெளியுதுன்னு கேட்டாத்தான் தெரியும். கார்பார்க்குல நுழையும்போது குறைக்கிறது ஓட்டுறவங்க கடமை, அதுல இரண்டு கருத்தே இல்லை.

ஆனாலும் ஈசூன்வாசிக்கு நான் இப்போ சப் சொல்லமாட்டேன். பட்ஜெட்டுல அதுக்கு முன்னாடி இன்னொண்ணு நிக்குது, டிஎஸ்பி உள்ள நாலு சானல் ஆம்ப்.

காரணம் இது. நாம வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுறோம். வலது ஸ்பீக்கர் காதுக்குப் பக்கம், இடது தூரம். பாடகர் நடுவுல நிக்காம வலது கதவுக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்கும். ஒலி ஒரு மில்லிசெகண்டுல கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர் போகும். டேப் வச்சு ஒவ்வொரு ஸ்பீக்கர்லிருந்தும் தலை இருக்கிற இடம் வரைக்கும் அளங்க. இடது 130, வலது 80 வந்தா வித்தியாசம் 50. வலதை ஏறத்தாழ ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினா குரல் டாஷ்போர்டுக்கு நடுவுல வந்து நிக்கும். முதல் தடவை அது நகர்றதைக் கேக்கும்போது இதுவரைக்கும் எதைக் கேட்டுக்கிட்டு இருந்தோம்னு தோணும். காசு கொடுத்து வாங்குற எந்த ஸ்பீக்கரும் இதைச் செய்யாது.

யூனிட் மேல 50 வாட் பெருக்கல் 4-னு எழுதியிருக்கிறதை நம்பாதீங்க. அது உச்ச அளவு. தொடர்ந்து தர்றது இருபது வாட்டைச் சுத்தித்தான். அதை முழுசா ஏத்தினா அலை வெட்டுப்பட்டு ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரியும். நாதஸ்வரம் குத்துறதுக்கு இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் காருக்குள்ள 2-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கண்ணாடியில பட்டுத் திரும்பறது. டிஎஸ்பி-யில அந்த இடத்தை இரண்டு, மூணு டெசிபல் குறைச்சா போதும்.

ட்வீட்டரை ஏ தூண்ல (முன்கண்ணாடி ஓரத் தூண்) ஃபைபர் வச்சுக் கட்ட ஆசைப்படாதீங்க. தையல்மெஷின் அக்கா சொன்ன திரை ஏர்பேக் அங்கதான் விரியும். கம்பெனி கொடுத்த இடமோ, கண்ணாடி முக்கோணமோ போதும்.

#13 கம்பிவேலை

ஆம்ப் பேச்சு வந்ததால மின் கணக்கு. சானலுக்கு 50 வாட், நாலு சானல், மொத்தம் 200. கிளாஸ் டி ஆம்ப் எண்பது விழுக்காடு திறன்னு வச்சா இழுக்கிறது 250 வாட். 13.8 வோல்ட்ல அது 18 ஆம்பியர். சுத்தச் செம்பு 8 கேஜ் தாராளம், 30 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள்ள இருக்கணும். அது ஆம்பைக் காப்பாத்த இல்லை, கம்பியைக் காப்பாத்த. கம்பி எங்கயாவது உரசித் தகரத்துல தொட்டா ஃபியூஸுக்கு முன்னாடி இருக்கிற நீளம் முழுக்க எரியும். இன்ஜின் பக்கத்தைப் பிரிக்கிற தீச்சுவரைத் தாண்டும் இடத்துல ரப்பர் வளையம் கட்டாயம்.

எர்த் கம்பி குட்டையா இருக்கட்டும். பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளன்னு தகரம் தெரிஞ்ச பிறகு ரிங் டெர்மினல் வச்சு முறுக்கி, மேல துரு வராம பூசிடுங்க. சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குக் கழட்டவே கூடாது.

இஆர்பி சாலைக் கட்டணத்துக்கு வச்சிருக்கிற ஓபியூ பெட்டி, அதோட வயர், ஆன்டெனா எதையும் தொடாதீங்க, அதிலிருந்து மின்சாரமும் எடுக்காதீங்க. கிளவ் பாக்ஸுக்குக் கீழ வேலை செய்யும்போது கவனம்.

நிலப் போக்குவரத்து ஆணைய விதியில நம்ம வேலைக்குச் சம்பந்தப்பட்டது அதிகம் இல்லை. ஓட்டும்போது ஓட்டுநர் பார்வையில படற திரையில வீடியோ ஓடக் கூடாது. அடுத்து கண்ணாடி ஃபிலிம் யாராவது போடறதா இருந்தா முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடியும் 70 விழுக்காடு ஒளியை விடணும், பின்கதவுக் கண்ணாடி 25. சந்தேகம் இருக்கிற மாற்றத்துக்கு முன்னாடி ஆணையத்தோட ஒன்மோட்டரிங் தளத்துல பாத்துடுங்க. காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுடுங்க.

#14 ஈசூன்வாசி

கதவு இரண்டும், யூனிட்டும், ஆம்பும் முடிஞ்சது. பழைய ஸ்பீக்கரையே வச்சுத்தான் கேக்கிறேன். அண்ணே, மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் கேக்குது, வலந்தலை எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுது. அதே ஸ்பீக்கர்னு மனைவி நம்பவே இல்லை.

ஒரு தொல்லை. பாட்டு இல்லாதப்போ மெல்லிசா 'ஈ'ன்னு ஒரு சத்தம் வருது. பெட்ரோல் இன்ஜின் ஓடினாலும் நின்னாலும் ஒரே மாதிரி இருக்கு. ஆம்ப்ல கெயினைக் கூட்டினா கூடுது.

#15 கம்பிவேலை

இன்ஜின் வேகத்தோட ஏறி இறங்கினா ஆல்டர்னேட்டர் சத்தம்னு சொல்லுவோம். ஒரே ஸ்தாயியில நிக்கிறதால உங்களுக்கு அநேகமா ஹைப்ரிட்ல 12 வோல்ட் கொடுக்கிற டிசி மாற்றியோட சத்தம், இல்லேன்னா எர்த் பிரச்சினை. வரிசையா பாருங்க.

ஆம்ப்லிருந்து ஆர்சிஏ கேபிளை (யூனிட்லிருந்து ஒலி சிக்னல் கொண்டு வர்றது) கழட்டுங்க. சத்தம் நின்னா ஆம்பும் அதோட எர்த்தும் சரி, கோளாறு கேபிள்லயோ யூனிட்லயோ. நிக்கலேன்னா எர்த்தைத் திரும்பச் சுரண்டி முறுக்குங்க. கேபிள்னா அது மின்கம்பியோட ஒரே பக்கமா ஓடுதான்னு பாருங்க. மின்கம்பி ஒரு பக்கம், ஆர்சிஏ மறுபக்கம். குறுக்கே தாண்டித்தான் ஆகணும்னா செங்குத்தா தாண்டணும்.

அப்புறம் கெயின். அது ஒலி கூட்டுற குமிழ் இல்லை, யூனிட் சிக்னலுக்கு ஏத்த மாதிரி ஆம்பைப் பொருத்துறது. ஸ்பீக்கர் வயரைக் கழட்டி, டிஎஸ்பி வடிகட்டி எல்லாத்தையும் நிறுத்தி, யூனிட் ஒலியை முக்கால் பங்கு வச்சு, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஆம்ப் வெளியீட்டுல மீட்டர் வைங்க. 4 ஓம்ல 50 வாட்னா 14.1 வோல்ட். அந்த அளவுல நிறுத்துங்க. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் எடுக்காதீங்க, மலிவான மீட்டர் அந்த அலையில சரியா காட்டாது. முடிஞ்சதும் வடிகட்டியைத் திரும்பப் போட மறந்துடாதீங்க, ட்வீட்டருக்குத் தாழ்ந்த அலை போனா உடனே போயிடும்.

#16 ஈசூன்வாசி

ஆர்சிஏ-தான். மின்கம்பியோட சேர்த்துக் கட்டி வலப்பக்கமா போயிருந்துச்சு. கார்ப்பெட் ஓரத்தை எடுத்து இடப்பக்கம் மாத்தினேன், சத்தம் சுத்தமா போயிடுச்சு. கெயின் இருந்தது 19 வோல்ட்டுக்குப் பக்கத்துல, இப்போ 14.1.

#17 ஒலிப்பித்தன்

அருமை. இனி ஈக்யூவை (ஒலி சமன் அமைப்பு) தொடாம ஒரு வாரம் ஓட்டுங்க, புது ஒலிக்குக் காது பழகட்டும். அதுக்கப்புறம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டா நாலஞ்சு எடுத்து வண்டியை நிறுத்திக் கேளுங்க, எந்த வாத்தியம் எங்க குத்துதுன்னு இங்க எழுதுங்க. சின்ன மைக் ஒண்ணு என்கிட்ட இருக்கு, ஒலியை அளக்கிற ஆர்இடபிள்யூ மென்பொருள் இலவசம்தான். ஈசூன் பக்கம் வரும்போது மடிக்கணினியோட வர்றேன், இரண்டு கதவையும் அளந்து பார்த்துடலாம்.